பார்த்ததை மட்டும்

பயிற்சி வகுப்பு என்று சுற்றறிக்கை வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் முதலில் விசாரிப்பது மதியச் சாப்பாடு உண்டா என்பதைத்தான். உண்டு என்றால் முகம் கொஞ்சம் தெளியும். பிஸ்கட்டும் டீயும் மட்டும்தான் என்றால் சனிக்கிழமையைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று புலம்பல் தொடங்கிவிடும். கூடத்து ஜன்னல்களை அடைத்து, சுவரில் படம் காட்டி, எங்கிருந்தோ வந்த ஒருவர் படத்தில் எழுதியிருப்பதையே திரும்ப வாசிப்பார். கையெழுத்துப் புத்தகம் வரிசையாகக் கைமாறி வரும். கையெழுத்துப் போட்டாகிவிட்டால் பயிற்சி பெற்றாகிவிட்டது. வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை இப்படிப் பயிற்சி பெற்றுப் பெற்று, நாலாம் வகுப்பு டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். அதுவும் ஒரு தேர்ச்சிதான், யாரும் சான்றிதழ் தரவில்லை என்றாலும்.

இந்த நாலாம் வகுப்பு டீச்சர் வீட்டில் சின்னவள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அவளுடைய சொந்த அக்கா. இருவருக்கும் பதினைந்து வயது இடைவெளி. எட்டு வருஷத்துக்கு முன்னால், வாழப் போன இடம் சரிப்படாமல் ஒற்றைப் பெட்டியோடு சின்னவள் வந்து வாசலில் நின்றபோது, ஏன் என்றும் அக்கா கேட்கவில்லை, எத்தனை நாளைக்கு என்றும் கேட்கவில்லை. மாடி அறைச் சாவியை உள்ளங்கையில் வைத்து, "தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும், புடிச்சு வெச்சுக்கோ" என்றாள். விசாரணை அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இடம் காலியானபோது தன் கூடவே கூட்டிக்கொண்டு போய்ப் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் முன்னால் நிறுத்தியதும் அவள்தான்.

அந்த அக்காவுக்கு ஆசிரியர் அறையில் இருந்த பெயர் 'மகாராணி'. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாலு பேர் கூடிச் சிரிக்கிற இடத்தில் நிற்க மாட்டாள். மூலை நாற்காலியில், கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருப்பாள். விளையாட்டு வாத்தியாருக்கு 'விசில்' என்று பெயர். கழுத்தில் தொங்குவதும் அது, வாயில் இருப்பதும் அதுதான். "மூணாம் வகுப்புல பேட்டி வேணும்னா மூணு பிரதி மனு போடணும்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவளும் சில நாள் சிரித்திருக்கிறாள். வயது ஏற ஏற அக்காவுக்கு மனிதர்கள் அலுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

வீட்டில் அலுக்க வழியே கிடையாது. அத்தானுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி. மனுஷன் உப்பு கேட்டால் மூன்றாவது மாடியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போல இருக்கும். சாப்பாட்டு மேஜையில் அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "வெண்டைக்காய் முத்தல்!" என்று முழங்குவார். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும். நாள் முழுக்கக் கடையில் கத்துகிற தொண்டை வீட்டுக்கு வந்தால் மட்டும் அடங்குமா என்று சின்னவளும் காதைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் பயிற்சிக்கு வந்தவள் வேறு மாதிரி. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை, பை நிறைய மஞ்சள் தாள். படம் காட்டும் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, அடைத்த ஜன்னல்களை அவளே ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"நான் எதுவும் சொல்லிக்குடுக்க வரல" என்றாள். "உங்க பக்கத்து வகுப்புல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பத்து வருஷமா ஒரே சுவர். அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கீங்களா?"

நாலைந்து பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஜோடி ஜோடியாப் பிரிஞ்சுக்குங்க. ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் ஒரு பீரியட் பின்னாடி உட்காருங்க. இந்தத் தாள்ல பார்த்ததை மட்டும் எழுதுங்க. நல்லா இருந்துது, சுமாரா இருந்துதுன்னு தீர்ப்பு வேண்டாம். எழுதி முடிச்சதும் தாளை அந்த டீச்சர் கையில குடுத்துடுங்க. அது அவங்களோடது. எனக்கும் வேண்டாம், ஆபீஸுக்கும் வேண்டாம்."

"ஆபீஸுக்கு வேண்டாமா?" என்று விசில் எழுந்தார். "அப்ப இதை எதுக்கு மேடம் செய்யணும்?"

கூடம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "அதைத்தான் நானும் கேட்கப் போறேன் சார், ரெண்டு வாரம் கழிச்சு" என்றாள்.

டீச்சர்கள் மட்டும் போதாது, குமாஸ்தா, ஆயா, வாட்ச்மேன் எல்லோரும் சேர வேண்டும் என்றாள். சீட்டுக் குலுக்கியதில் வாட்ச்மேன் விசிலுடைய வகுப்புக்குப் போய்விட்டு எழுதிய தாள் பிற்பாடு பிரசித்தமானது: "சார் நாற்காலியில் இருந்தார். பிள்ளைகள் ஓடினார்கள். சார் எழுந்திருக்கவில்லை. ஒரு பையன் விழுந்தான். சார் விசில் அடித்தார்." விசில் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சீட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே அக்கா எழுந்து சின்னவளிடம் வந்தாள். "நீயே வா. வேற யாரும் வேண்டாம்."

மூன்றாம் வகுப்புக்குத் தனிக் கட்டடம், தகரக் கூரை. செவ்வாய்க்கிழமை காலை, வானம் கருத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நோட்டை விரித்து, பார்த்ததை எழுதத் தொடங்கினாள்.

'9.05. டீச்சர் பலகையில் எழுதுகிறார். யாரும் பேசவில்லை. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு எட்டுக் கைகள் உயர்கின்றன.

'9.10. ஒரு பையன் எழுகிறான். திக்குவாய். டீச்சர் அவன் பெஞ்சுக்குப் போய்க் குனிந்து அவன் முகத்துக்கு நேராக நிற்கிறார். சொல்ல வந்தது வர நேரமாகிறது. டீச்சர் நகரவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே சொல்லி முடிக்கிறான்.

'9.18. விடையை எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுகிறார்கள். டீச்சர் முப்பத்திநாலையும் படிக்கிறார். தப்பாக எழுதிய ஐந்து பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்க்கிறார்.

'9.26. பிரார்த்தனைக் கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கான மணி அடிக்கிறது. முதல் பெஞ்சுப் பெண் அடிக்கோலை நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள். டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைக்கிறார்.'

எழுத எழுத அவளுக்குப் பெருமை பொங்கியது. தன் வகுப்பில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'சத்தம் போடாதீங்க' என்று கத்துகிறவள் அவள். இங்கே ஒரு தடவை கூட அந்த வார்த்தை வரவில்லை.

9.31க்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை என்றால் சும்மா இல்லை, லாரி லாரியாகச் சரளைக்கல்லைக் கொட்டுவது மாதிரி. அந்த வரிசையில் இருந்த மற்ற தகரக் கொட்டகைகளில் பாடம் நின்றுபோனதை ஜன்னல் வழியாகவே பார்க்க முடிந்தது. டீச்சர்கள் கையை விரித்துவிட்டு உட்கார, பிள்ளைகள் குதிக்கத் தொடங்கியிருந்தார்கள். சின்னவளுக்குத் தன் இருமல் தனக்கே கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை. ஒரு பெண் எழுந்து வாயைப் பெரிதாகத் திறந்து, நிதானமாக ஏதோ சொன்னாள். மழையில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. அக்கா புன்னகைத்து, பலகையில் அவள் சொன்ன எண்ணை எழுதினாள். மழை பெய்வதே அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

சின்னவளின் பேனா தாளில் அழுந்தி நின்றது. ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் வகுப்பிலிருந்து தன்னிடம் வரும் பிள்ளைகள் எழுந்து நின்று, முகத்தை நேராகக் காட்டி, வாயைப் பிளந்து பேசுவார்கள். ஏன் இப்படிப் பேசறே, சாதாரணமாப் பேசு என்று அதட்டி அதட்டி ஒரு மாதத்தில் அவள்தான் மாற்றிவிடுவாள்.

'9.31. மழை' என்று மட்டும் எழுதினாள்.

அன்று மாலை, வாத்திமார் பழக்கம் விடாமல், கிறுக்கலை நோட்டிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் தாளில் சுத்தமாகப் பார்த்து எழுதிக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அடுப்படியில் நின்று வாசித்தாள். கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றாள்.

"நல்லா பார்த்திருக்கே" என்றாள்.

சின்னவள் சுற்றி வந்து அவள் முகத்துக்கு எதிரே நின்றாள். "எவ்வளவு நாளாக்கா?"

"இடது காது ஒன்பது வருஷம். வலது ஆறு." முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரே நாள்ல போகலடி. மொதல்ல குக்கர் விசில் போச்சு. அப்புறம் வாசல் மணி. அப்புறம் உங்க அத்தான் போனார். இது ஒண்ணாவது லாபம்னு இருந்தேன்."

"மெஷின் இருக்கேக்கா."

"வாங்கிப் போட்டேன். முப்பத்திநாலு பேரும் என் தலைக்குள்ள பெஞ்சை இழுக்கிற மாதிரி இருக்கு. சத்தம் வருது, வார்த்தை வரல. நரம்புன்னுட்டார் டாக்டர். அலமாரியில கிடக்கு, போய்ப் பாரு."

"எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியலியே."

"நீ வந்த புதுசுல உன் காதுலயும்தான் ஒண்ணும் விழல. நான் குத்தம் சொன்னேனா?"

அப்போது அத்தான் கடையிலிருந்து வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். மேஜையில் கிடந்த மஞ்சள் தாளைப் பார்த்தார். விலை கேட்காமலே சரக்கின் தரம் சொல்கிற ஆள், அவருக்குப் புரிந்துவிட்டது.

"கடையில கத்திக் கத்திப் பழக்கம்னு நெனச்சே, இல்ல?" என்றார் சின்னவளிடம். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "கடைக்கு வந்து பாரும்மா. நான் யார்கிட்டயும் குரல் உசத்தினதில்ல. வியாபாரத்துல கத்தினா எவன் வருவான்? இங்க மட்டும்தான். இப்பக் கத்தினாலும் பிரயோஜனம் இல்லதான். வாயாவது பெரிசாத் தெரியுமில்ல."

"என்ன சொல்றார்?" என்றாள் அக்கா.

அவர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, "பசிக்குதுன்னேன்!" என்று முழங்கினார். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா சொன்னாள்: "இன்னும் ரெண்டு வருஷம்தான்டி. இந்தப் பிள்ளைங்க, அப்புறம் அடுத்த வருஷத்துப் பிள்ளைங்க. அதோட நானே கிளம்பிடுவேன். அதுவரைக்கும் அந்த வகுப்பு எனக்கு வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்ல. அவங்க கேட்டதில்ல. பத்து நாள்ல கண்டுபுடிச்சுடுறாங்க. யார்கிட்டயும் போய்ச் சொன்னதும் இல்ல, பாரு."

"நானும் சொல்ல மாட்டேன்கா" என்றாள் சின்னவள், வாயை நன்றாகத் திறந்து. அக்கா சிரித்துவிட்டாள். "கத்துக்கிட்டியே."

அவள் சொல்லவும் இல்லை. சொல்லாமலே நடந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை மறுபடியும் கூடம். வெயில் சுள்ளென்று அடித்தது; டீ ஆறிப்போயிருந்தது. அக்கா வழக்கம்போல முதல் வரிசையில், பயிற்சிக்காரி முகத்துக்கு நேராக. சின்னவளுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பயிற்சிக்காரி கேட்டாள்: "யாராவது புதுசா ஒண்ணு பார்த்தீங்களா? அந்த டீச்சருக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

பெரும்பாலோர் தீர்ப்பு வேண்டாம் என்று சொல்லியும் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். அலுத்துப்போன பெரிய டீச்சர், "சீனியர் டீச்சர்கள்கிட்ட இனிமே புதுசா என்னத்தைப் பார்க்கறது, விடுங்க மேடம்" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, வெயில் அப்படிப் பேச வைத்தது. விசில் சின்னவள் பக்கம் சாய்ந்து, "மகாராணி தர்பாருக்குப் போனீங்களே, உள்ள விட்டாங்களா?" என்று கிசுகிசுத்தார்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக அந்த முதல் வரிசைத் தலையைப் பார்த்து ஒருவர்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. நோட்டில் கிறுக்கல் அப்படியே இருந்தது. எழுந்தாள்.

"பேர் சொல்லல. நான் பார்த்ததைப் படிக்கிறேன்."

படித்தாள். மணியை விட்டுவிட்டாள், மழையை விட்டுவிட்டாள். அந்த ஜாக்கிரதை இருந்தது. திக்குவாய்ப் பையனைப் படித்தாள். சிலேட்டுகளைப் படித்தாள். முதுகு காட்டும்போது ஒரு பிள்ளையும் பேசாததைப் படித்தாள். பன்னிரண்டு டீச்சர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லாவிட்டால் மட்டும் யார் என்று தெரியாதா? ஒவ்வொரு தலையாக முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. படித்து முடித்ததும் பயிற்சிக்காரி கைதட்டத் தொடங்கினாள். கூடமே தட்டியது.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தட்டுகிறார்கள், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அவளும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள்.

அவள் கைதட்டியதைச் சின்னவள் பார்த்தாள். அந்தக் கணத்திலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தாள்; சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது. பயிற்சியின் அடுத்த கட்டமாக, புதன்கிழமை முதல் பீரியட் எல்லா ஆசிரியர்களும் மூன்றாம் வகுப்பைப் பார்வையிடுவார்கள். கீழே பெரிய டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார்: 'நம் பள்ளிக்குப் பெருமை.'

மாலை அக்கா அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் விரலை ஊன்றினாள். "இது எப்படி?"

சின்னவள் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் அவள் பார்க்கும்படி சொல்ல வேண்டியிருந்தது; வாய்க்குள் முணுமுணுத்துத் தப்ப வழியில்லை.

"அந்தத் தாள் என்னோடது" என்றாள் அக்கா.

"தாளைப் படிக்கலக்கா. நோட்டுல இருந்ததை... மழையைப் படிக்கல. மணியையும் படிக்கல. உன்னை எப்படியெல்லாம் பேசறாங்க தெரியுமா? அவங்களுக்குத் தெரியட்டும்னுதான்..."

"என்னை என்ன பேசினா என்னடி? எனக்குத்தான் கேக்காதே."

அத்தான் கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். "புதன்கிழமை லீவு போடு! காய்ச்சல்னு சொல்லு!"

"போட்டா வியாழக்கிழமை வருவாங்க. பதினொரு பேர், எல்லாரும் பின்னாடி. பின்னாடி இருக்கிறவங்க பின்னாடி இருந்துதானே பேசுவாங்க." அவள் குரல் முதல் தடவையாக ஏறி இறங்கியது. தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரியாமல் வீடே அதிரக் கத்தினாள்: "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்லடி?"

புதன்கிழமை அக்கா வெளிர்நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள். பின்சுவரோரம் பதினொரு பேரும் பிதுங்கிக்கொண்டு நின்றார்கள், பயிற்சிக்காரியும் வந்திருந்தாள். அரை மணி நேரம் வகுப்பு வழுக்கிக்கொண்டு போனது. சிலேட்டுகள் உயர்ந்தன, இறங்கின. திக்குவாய்ப் பையன் முழு வாக்கியம் ஒன்று சொன்னான். விசில் தன்னை மறந்து, "அடேயப்பா" என்றார். சின்னவள் கடவுளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மூச்சு விடத் தொடங்கியிருந்தாள்.

அக்கா பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதினாள். பெரிய டீச்சருக்கு மனசு நிறைந்துபோயிருக்க வேண்டும். "டீச்சர், ரொம்ப அருமை" என்றார். "அந்தக் கடைசிக் கணக்கை மட்டும் எங்களுக்காக இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

சுண்ணாம்புக்கட்டி எழுதிக்கொண்டே போனது.

"டீச்சர்?"

முப்பத்திநாலு தலைகள் பின்னால் திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தன. பிறகு முன்னால் திரும்பின. அந்தச் சின்ன முகங்களில் இருந்த கலவரத்தைப் பின்னால் நின்ற யாரும் பார்க்கவில்லை. இடம் போதாமல் பக்கச்சுவரோரம் ஒதுங்கியிருந்த சின்னவள் பார்த்தாள்.

"டீச்சர், உங்களைத்தான்."

முதல் பெஞ்சுப் பெண்ணால் தாங்க முடியவில்லை. எப்படியாவது டீச்சரைத் திருப்ப வேண்டும். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அடிக்கோலை எடுத்து, எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயரத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அக்கா திரும்பினாள். அடிக்கோலைப் பார்த்தாள். தலையசைத்தாள்.

"சரி, மணி அடிச்சாச்சு. புத்தகத்தை எடுத்து வைங்க" என்றாள்.

மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, ஒருவர்கூட எதிர்த்துச் சொல்லாமல், முப்பத்திநாலு பேரும் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்கள். கைகட்டி உட்கார்ந்தார்கள். அக்கா பின்சுவரைப் பார்த்தாள். பதினொரு முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. விசில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்காரி கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தப் பெண் இன்னும் அடிக்கோலை இறக்கவில்லை. அக்கா போய் அதை மெதுவாக வாங்கி, மேஜையில் வைத்து, அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பெரிய டீச்சர் கெட்டவர் அல்ல. வியாழக்கிழமை சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பின்னாலேயிருந்து கூப்பிட்டா திரும்பாததை நான் கவனிக்காம இல்லம்மா. என்னமோ சந்தேகம் இருந்துது. கேட்கல. கேட்டா தெரிஞ்சுடும், தெரிஞ்சா ஏதாவது செய்யணும். இப்ப பதினொரு பேர் பார்த்தாச்சு. நாளைக்கே தீ மணி அடிச்சு, அவங்களுக்குக் கேட்காம, ஒரு பிள்ளைக்கு ஏதாவதுன்னா... சொல்லு, நான் என்ன செய்ய?"

"பிள்ளைங்க காட்டுவாங்க மேடம்."

"எட்டு வயசுப் பிள்ளையை நம்பி முப்பத்திமூணு பேரை விடச் சொல்றியா?"

அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை.

"புத்தக அறையில போடறேன். ரெண்டு வருஷம் மரியாதையா இருந்துட்டுப் போகட்டும். மூணாம் வகுப்பை நீ எடுத்துக்கோ. உன் வகுப்புக்குத் தற்காலிகமா ஒருத்தரைப் போட்டுக்கலாம்."

"நானா? வேண்டாம் மேடம். வேற யாராவது..."

"உங்க அக்காவைத்தான் கேட்டேன், யாரைப் போடலாம்னு. எழுதித்தான் கேட்டேன். உன் பேரை எழுதினாங்க."

பயிற்சிக்காரி போவதற்கு முன் வாசலில் சின்னவளை நிறுத்தினாள். "நான் ஒண்ணு சொல்லியிருந்தேனே, சம்மதம் கேட்டுட்டுன்னு..." என்று தொடங்கியவள், சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பயிற்சிச் சனிக்கிழமையிலிருந்து மறுபடியும் ஜன்னலை அடைத்துப் படம் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வருகைப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேஜையைத் துடைத்து, அதை விரித்து வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூன்று நாளாக அவள் சின்னவளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் பேச்சுக்கு வழியே இல்லை; அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கதவு கிடையாது.

"உட்காரு" என்றாள், பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே. "திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

சின்னவள் உட்கார்ந்தாள். அத்தான் வாசற்படியில் வந்து நின்று பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பிப் போனார்.

"ஒண்ணாம் நம்பர். கண்ணு தெரியல, ஆனா தெரியுதுன்னு சொல்லுவா. முன்னாடியே உட்கார வை. கண்ணாடி போட்டா கேலி பண்ணுவாங்கன்னு பயம். ரெண்டாம் நம்பர், கணக்கெல்லாம் மனசுலயே போட்டுடுவான், எழுதச் சொன்னா அழுவான். வழி எங்கேன்னு மிரட்டாதே. மூணு, நாலு ரெட்டைப் புள்ளைங்க. சேர்த்து உட்கார வைக்காதே, பிரிச்சும் வைக்காதே. நடுவுல ஒரு ஆள் போதும்."

விரல் பெயர்களின் மேல் ஒவ்வொன்றாக இறங்கியது. ஏழாம் நம்பருக்குக் காலையில் சாப்பாடு கிடையாது, அதனால் முதல் பீரியடில் கேள்வி கேட்கக் கூடாது. பதினொன்று பொய் சொல்வான், ஆனால் மற்றவனைக் காப்பாற்றத்தான் சொல்வான். பதினாலு அம்மா இல்லாதவள், அம்மாவைப் பற்றி நாலு வரி எழுது என்கிற பக்கத்தைத் தாண்டிவிட வேண்டும். இத்தனை வருஷப் பயிற்சியில் யாரும் சின்னவளுக்குச் சொல்லாத விஷயங்கள். அவளுக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. அக்கா நிமிரவில்லை.

பதினெட்டாம் நம்பர் முடிந்தபோது சின்னவளால் முடியவில்லை. "அக்கா" என்றாள். "என்னை மன்னிச்சுடுக்கா. உன்னை உசத்தணும்னு நெனச்சேன். உன்கிட்டேர்ந்து எடுத்துட்டேன். என்னைப் பாருக்கா. ஒரே ஒரு தடவை பாரு."

சத்தமாகத்தான் சொன்னாள். வாயையும் நன்றாகத் திறந்துதான் சொன்னாள்.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். மடங்கியிருந்த மூலையை நகத்தால் நீவி நேராக்கினாள்.

"பத்தொன்பது" என்றாள். "நல்லாப் படிக்கிற பொண்ணு. திட்டினா தாங்கிப்பா. பாராட்டினாத்தான் பயந்துடுவா, ரெண்டு நாள் வர மாட்டா. எதுவா இருந்தாலும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லு."